மாதாவுக்குக் கொடுத்த கிழக்கு வேலி

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே ஆறு வருடம் போய்விட்டது. கொப்பி வாங்கினேன். முதல் பக்கத்தின் தலைப்பில் சிலுவை அடையாளம் போட்டேன். அதற்குக் கீழே ஒரு வரியும் வரவில்லை. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் என்பது ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம் அதுவல்ல. இதை வாசிக்கிறவர்கள் நான் மாதாவைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம்தான் கையைப் பிடித்து வைத்திருந்தது. குறை சொல்லவில்லை. இன்றைக்கும் விடிய எழும்பிச் செபமாலை சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், அவ்வளவுதான்.

நாங்கள் கொழும்பில் கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீட்டின் கீழ்த்தட்டில் இரண்டு அறையில் இருக்கிறோம். நான், மனைவி, ஒரே மகள். எனக்கு வேலை வெள்ளவத்தையில், ஒரு புடவைக் கடையில் துணி அளந்து வெட்டிக் கொடுப்பது. பிறந்த ஊர் யாழ்ப்பாணத்துக்கும் அப்பால், கடலுக்குள் கிடக்கிற ஒரு தீவு. கொழும்பிலிருந்து ஓர் இரவு முழுக்க பஸ், யாழ்ப்பாணத்திலிருந்து இறங்குதுறைக்கு இன்னொரு பஸ், அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் படகு. காற்று விட்டால்தான் படகு. விடாவிட்டால் கரையில் குந்தியிருந்து கடலைப் பார்க்க வேண்டியதுதான்.

தீவில் எங்களுக்கு வீடும் காணியுமாக ஒரு வளவு இருக்கிறது. காணி உறுதிப் பத்திரம் என் பேரிலும் அக்கா பேரிலும். அத்தான் செத்துப் பல வருடம். பிள்ளைகள் இல்லை. அக்கா அந்த வளவில் தனியே இருக்கிறா. எங்கள் பக்கத்தில் ஒரு காணியின் பெறுமதியைப் பரப்பை வைத்துச் சொல்ல மாட்டார்கள், கிணற்றை வைத்துத்தான் சொல்வார்கள். எங்கு தோண்டினாலும் உவர்த் தண்ணீர். எங்கள் வளவின் கிழக்குப் பக்கத்துக் கிணறு மட்டும் நல்ல தண்ணீர். அந்தக் குறிச்சியே வந்து குடத்தில் கொண்டு போகும்.

அங்கே வேலி என்றால் கடலிலிருந்து எடுத்த முருகைக்கல் வேலி. சீமெந்து, சுண்ணாம்பு ஒன்றும் இல்லை. கல்லின் மேல் கல்லாக அடுக்கிவைத்த வேலி, காற்று ஊடே போய்வரும், விழாது. எங்கள் கிழக்கு வேலி வடக்கு மூலையிலிருந்து நேரே வரும். கிணற்றடியில் மட்டும் வெளிப்பக்கமாக வயிறு தள்ளி வளைந்து கிணற்றை உள்ளே எடுத்துக்கொள்ளும். பிறகு நேராகித் தெற்கு மூலைக்குப் போகும். எந்தக் காலத்து ஆட்கள் அடுக்கியதோ தெரியாது. பக்கத்துக் காணிக்காரரும் அந்த வளைவைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை.

மகளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது டெங்கு வந்தது. அந்த மழைக்குக் கொட்டாஞ்சேனையில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை ஒரு கட்டிலில் விட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் பிள்ளையின் பல் முரசில் இரத்தம் கசிந்தது. டொக்டர் என்னைப் பார்க்காமல் தாளைப் பார்த்துக்கொண்டு கதைத்தார். நான் வெளியே வந்து படியில் இருந்துவிட்டேன். கூட்டிக்கொண்டிருந்த சிங்கள அம்மா ஒருத்தி விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, "மல்லி, அழ வேணாம். தெய்யோ இருக்கு" என்று, தம்பி, கடவுள் இருக்கிறார் என்பதைத் தமிழும் சிங்களமுமாகச் சொன்னா.

அந்த நேரம் தீவில் எங்கள் மாதா கோயிலின் முகப்பைத் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய முகப்பு முருகைக்கல்லால் கட்டியது. இப்போது கடலில் கல் எடுக்கத் தடை. ஆகவே கோயில் சபை, வீட்டுக்கு வீடு வேலிக் கல்லில் கொஞ்சம் தரச் சொல்லிக் கேட்டிருந்தது. ஆளுக்கு ஒரு முழம், இரண்டு முழம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிப் படியில் எனக்கு அதுதான் நினைவில் வந்தது. தாயே, பிள்ளை எழும்பினால் எங்கள் கிழக்கு வேலி முழுக்க உனக்கு என்று நேர்ந்தேன். முழுக்க என்ற சொல்லை இரண்டு தரம் சொன்னேன்.

மனைவியிடம் சொன்னபோது அழுதுகொண்டே கேட்டாள்: "இஞ்சேருங்கோ, வேலியோ? மெழுகுதிரி எண்டு நேர்ந்தாக் காணாதே?"

பிள்ளை எழும்பினாள். ஐந்தாம் நாள் இடியப்பம் கேட்டாள். நான் ஆஸ்பத்திரி வாசலில் முழங்காலில் நின்றேன்.

அடுத்த திருநாளுக்கு மூன்று பேருமாக ஊருக்குப் போனோம். சபை ஆட்கள் உழவு இயந்திரத்தில் பெட்டி பூட்டிக்கொண்டு வந்தார்கள். நானும் இறங்கிக் கல் தூக்கினேன்.

"கொழும்புக்காரரின்ர கை பஞ்சுபோலக் கிடக்கு. பாத்து, கல்லுக் கடிக்கும்!" என்று ஒருவன் சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. அன்றைக்கு நான் அவ்வளவு சந்தோசமாக இருந்தேன்.

அக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தா. வேலி முழங்கால் உயரத்துக்கு இறங்கியதும் என்னை அப்பால் கூப்பிட்டா.

"தம்பி, அடிக்கல்லையாவது விடன்."

"முழுக்க எண்டு சொல்லிப்போட்டன் அக்கா."

"ஒரு வரிக் கல்லு நிலத்துக்கை கிடந்தா மாதாவுக்குக் குறையோ?"

"பிள்ளையை முக்காவாசி தந்தவவே? முழுசாத்தானே தந்தவ."

"அப்ப எல்லை?"

"எல்லாருக்கும் தெரிஞ்ச எல்லைதானே அக்கா."

"எல்லாரும் எங்க இருக்கினம்? கனடாவில இருக்கினம்."

அதோடு விட்டுவிட்டா. நான் அலவாங்கு எடுத்து மண்ணுக்குள் கிடந்த அடிக்கல்லையும் நெம்பி எடுத்தேன். ஒரு கல் இடம்விட்டு அசைய மாட்டேன் என்று கிடந்தது. அதைச் சுற்றிக் கையால் மண் தோண்டி எடுத்தேன். வடக்கு மூலைக் கல்லும் தெற்கு மூலைக் கல்லும் மற்றப் பக்கத்து வேலிகளோடு சேர்ந்தவை என்பதால் அவை இரண்டும்தான் மிஞ்சின.

கோயிலில் சபையின் மூப்பர் கொப்பியோடு இருந்தார். "தம்பி, பேர் என்னெண்டு போட? எத்தினை அடி?"

"பேர் வேண்டாம் மூப்பர். அடியும் வேண்டாம். குடுத்தது எனக்கும் மாதாவுக்கும் தெரிஞ்சாக் காணும்."

அவர் என்னை மெச்சிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

அக்கா பிறகு கிளுவைக் கம்பு நட்டு நைலோன் கயிறு கட்டினா. கம்பை ஆடு கடித்தது. கல் கிடந்த கிடங்கை ஒரு மாரி மழை மண் கொண்டுவந்து மூடிவிட்டது. அடுத்த முறை நான் போனபோது வேலி எங்கே இருந்தது என்று எனக்கே சட்டென்று பிடிபடவில்லை.

நாலு வருடம் கழிந்தது. பக்கத்துக் காணிக்காரரின் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்தபடியே காணியை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் யாழ்ப்பாணத்து ஆள். தீவு பார்க்க வருகிற சனங்கள் தங்குவதற்கு அறைகள் கட்டப் போகிறார் என்றார்கள். கெட்ட மனிதர் இல்லை. எல்லை அளந்து மதில் கட்ட வேண்டும் என்று அக்காவிடம் முறைப்படி வந்து சொல்லி, காணி அளக்கிற சேவையர் வருகிற நாளையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அக்கா எனக்கு டெலிபோன் எடுத்தா.

"தம்பி, உறுதியை எடுத்துக்கொண்டு நீ வரோணும். இந்தக் கிணறு போச்செண்டா நான் இஞ்ச இருக்கேலாது."

உறுதி கொழும்பில், என் சூட்கேசுக்குள். சண்டைக் காலத்தில் பத்திரம் என்று கொண்டுவந்தது. அதை எடுத்துக்கொண்டு வெள்ளவத்தையில் கடைக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற ஒரு லோயரிடம் போனேன். பழைய எழுத்து. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார்.

"கிழக்கு எல்லை கல்வேலி எண்டு கிடக்கு. நல்லது. கல்வேலி நிக்குதுதானே?"

"இல்லை சேர்."

"விழுந்து போச்சோ? அத்திவாரம் இருந்தாலும் காணும்."

"அதையும் எடுத்தாச்சு."

"ஆர் எடுத்தது? கேஸ் போடலாம்."

"நான்தான் சேர். கோயிலுக்குக் குடுத்தனான்."

அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "உறுதி கொழும்பில. காணி தீவில. எல்லை கோயில் சுவரில. அண்ணை, உங்களுக்கு எதிரியெண்டு வேற ஒரு ஆள் தேவையில்லை" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "அளக்கிற நேரம் நீங்கள் அங்க நில்லுங்கோ. வளைவு இருந்த இடத்தைக் காட்டுங்கோ. ஊராக்கள் ரெண்டு மூண்டு பேரைக் கூட்டி வையுங்கோ. கோயிலிட்ட ஒரு கடிதம் எடுங்கோ. பிளான் கீறி முடிஞ்சா அதுக்குப் பிறகு மினக்கெட வேண்டி வரும்."

கடை முதலாளி மூன்று நாள் லீவு தந்தார். கடல் கொந்தளிக்கிற சோழகக் காற்றுக் காலம். இரவு பஸ்ஸில் உறுதியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். விடிய யாழ்ப்பாணம். குறிகட்டுவான் பஸ் பிடித்து இறங்குதுறைக்குப் போனால், படகுகள் கட்டிக் கிடக்கின்றன. கடல் வெள்ளை வெள்ளையாக எழும்பி விழுகிறது.

"இண்டைக்கு ஒண்டும் ஓடாது ஐயா" என்றான் படகுக்காரன்.

"அளக்கிற ஆள் மட்டும் எப்பிடிப் போறது? அவரும் வந்திருக்கமாட்டார்தானே?"

"சேவையர் ஐயாவே? அவர் முந்தநாள் போயிட்டார். நான்தானே ஏத்தி இறக்கினது. வாங்கின ஆளோடை அங்கதான் நிக்கிறார்."

படகுக்காரனைக் கும்பிட்டுக் கேட்டேன். அவன் கோபிக்கவில்லை. "எனக்கும் மூண்டு பிள்ளையள் ஐயா" என்று மட்டும் சொன்னான்.

பத்து மணிபோல அக்கா டெலிபோன் எடுத்தா. கடல் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். "தம்பி, வந்திட்டினம். மூலைக் கல்லில மிசின் வைக்கினம். நீ எங்க நிக்கிறாய்?"

"துறையில நிக்கிறன் அக்கா. படகு இல்லை. டெலிபோனை அவரிட்டக் குடுங்கோ."

சேவையர் மரியாதையாகத்தான் கதைத்தார். வளைவைப் பற்றிச் சொன்னேன். ஒரு நாள் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன்.

"ஐயா, அம்மாவும் வளைவு எண்டு சொல்லுறா. தடி வைச்சுக் காட்டுறா. ஆனா ரெண்டு மூலையிலையும் கல்லுக் கிடக்கு. நடுவில ஒண்டும் இல்லை. கல்லுக்குக் கல்லு நேர்கோடுதான் என்னாலை போட ஏலும்."

"நேர்கோடு போட்டாக் கிணறு எங்க வரும் ஐயா?"

"அங்கால போகும்" என்றார்.

துறையில் மாதாவின் சின்னச் சுரூபக்கூடு ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் நின்று, காற்றை நிறுத்து தாயே என்று கேட்டேன். அவ்வளவு பக்தியோடு ஆஸ்பத்திரிப் படியில்கூடக் கேட்கவில்லை. காற்று நிற்கவில்லை. அன்றைக்கு முழுக்க நிற்கவில்லை.

அடுத்த நாள் முதல் படகில் போனேன். சட்டை எல்லாம் உப்புத் தண்ணீர். உறுதியை மட்டும் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தேன். கிணற்றுக்கு இந்தப் பக்கம், அக்காவின் குசினிக்குப் பக்கத்தில் வரிசையாகச் சிவப்புத் துணி கட்டிய முளைகள். கிணறு அந்தப் பக்கம் நின்றது. தூரம் என்றால் பெரிய தூரம் இல்லை. நாலு எட்டு நடை.

சேவையர் இன்னும் போகவில்லை. உறுதியை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். "கல்வேலி எண்டு மட்டும்தானே ஐயா கிடக்கு. வளைவெண்டு இல்லையே." பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரி, தோண்டிப் பாப்பம். ஒரு அடிக்கல்லு அகப்பட்டாலும் நான் கோட்டை மாத்துறன்" என்றார். நல்ல மனிதர். வாங்கியவரும் தானே மண்வெட்டி எடுத்துத் தந்தார்.

வளைவு இருந்த இடம் என்று நினைத்த மூன்று இடத்தில் தோண்டினேன். மண். நாலாவது இடம். மண். எனக்குத் தெரியும், ஒன்றும் வராது. ஏனென்றால் ஒன்றும் விடாமல் எடுத்தவன் நான்தான். என்றாலும் தோண்டினேன். விரல் நகம் கிழியும்வரைக்கும் தோண்டினேன். அக்கா கிணற்றுக் கட்டில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்தா. அடிக்கல்லை விடு என்று அன்றைக்குச் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "காணும் தம்பி, எழும்பு. கை எல்லாம் ரத்தம்" என்றா.

தண்ணீர் அள்ள வந்த சனம் வேலி வளைந்து நின்றது என்றார்கள், ஆனால் எந்த இடத்தில் என்று ஒருவராலும் காட்ட முடியவில்லை. கோயிலுக்கு ஓடினேன். மூப்பர் கொப்பியைத் தேடி எடுத்தார். அந்த வருடத்துப் பக்கத்தில் எல்லாருடைய பேரும் இருந்தது, முழக் கணக்கும் இருந்தது. கடைசியில் ஒரு வரி: ஒருவர், கல் உபயம்.

"நீர்தானே தம்பி பேர் போட வேண்டாம் எண்டனீர்."

"இப்ப எழுதித் தாங்கோ மூப்பர். உங்களுக்குத் தெரியும்தானே வேலி வளைஞ்சு நிண்டது."

"கல்லு வந்தது தெரியும். வேலி எப்பிடி நிண்டதெண்டு நான் அளந்து பாத்தனானே? நாளைக்குக் கோர்ட்டில சத்தியம் பண்ணச் சொன்னா நான் என்ன சொல்லுறது?" அவர் கொப்பியை மூடிவைத்தார். புதிதாக மாறி வந்த பங்குச் சுவாமியாரும் தான் வருவதற்கு முன் நடந்ததற்குத் தான் கையெழுத்து வைக்க முடியாது என்றார். சரிதான். யாரும் பொய் சொல்லவில்லை. அந்த விசயத்தில் பொய் சொன்ன ஆள் ஒருவரும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கோபப்பட ஓர் ஆளாவது கிடைத்திருக்கலாம்.

வழக்குப் போடலாம் என்று லோயர் சொன்னார். எத்தனையோ வருடமாக அள்ளின கிணறு, வெல்ல வழி இருக்கிறது, ஆனால் கோயில் ஆட்களைச் சாட்சிக்கு இழுக்க வேண்டும், அது இழுபட்டுப் போகும் என்றார். அக்காவிடம் டெலிபோனில் சொன்னேன்.

"கோயிலைக் கோர்ட்டுக்கு இழுத்து நான் தண்ணி குடிக்கிறதே? விடு" என்றா. அதற்கு மேல் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை.

வாங்கியவர் சொல்லியிருந்தார், அக்கா எப்போதும் வந்து அள்ளலாம் என்று. ஆறு மாதம் அப்படித்தான் நடந்தது. பிறகு பிளாக் கல்லில் மதில் எழும்பியது. மதிலில் ஒரு சின்னக் கேற் வைத்தார்கள். பிறகு அறைகளுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கிணற்றில் மோட்டர் பூட்டினார்கள். கோடையில் தண்ணீர் கலங்கியது. கேற் பூட்டிக் கிடக்கிற நாட்கள் கூடின. ஒருநாள் அக்கா குடத்தோடு போய்க் கேற்றைத் தட்ட, உள்ளே நின்ற வேலைக்காரப் பெண், "ஆரம்மா நீங்கள்?" என்று கேட்டிருக்கிறாள். அக்கா வெறுங்குடத்தோடு திரும்பி வந்துவிட்டா. அன்றைக்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. பவுசர் லொறியில் தண்ணீர் வருகிற நாளில் மற்றச் சனத்தோடு வரிசையில் நிற்கிறா. பவுசர் வராத கிழமை உவர்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறா. போன வருடம் சிறுநீரகத்தில் கல் என்று யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் கிடந்தா. எதனால் என்று டொக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கொழும்புக்கு வாங்கோ என்று எத்தனை தரம் கூப்பிட்டுவிட்டேன். "உன்ர ரெண்டு அறைக்கை நான் எங்க படுக்கிறது? போடா" என்று சிரிக்கிறா. அந்தச் சிரிப்புக்குப் பிறகு எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்காது.

எல்லாவற்றிலும் பெரிய அடி மகளிடமிருந்து வந்தது. அவளுக்கு இப்போது பதினாறு. உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய இந்தத் தபசுகாலத்தில் ஒருநாள் படித்துக்கொண்டிருந்தவள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, தன் மாமியான அக்காவைப் பற்றிக் கேட்டாள்.

"அப்பா, நான் எழும்பினபடியால்தானே மாமிக்குத் தண்ணி இல்லை?"

"ஆர் உனக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்கு விளங்கும்தானே."

இல்லை பிள்ளை, மாதா வேலியைக் கேட்கவில்லை, நான்தான் கொடுத்தேன், அடிக்கல்லை விட்டிருந்தாலும் மாதா உன்னை எழுப்பித்தான் இருப்பா என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்குள் ஒன்று கேட்டது: அது உனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. இன்றைக்கும் தெரியாது. மகள் தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. மனைவி குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், வெளியே வரவில்லை.

இதற்குப் பிறகும் எழுதாமல்தான் இருந்தேன். போன மாதம் இங்கே கொழும்பில் எங்கள் ஊர் ஆட்கள் கூடிய செபக் கூட்டத்தில், என்னை யாரென்று அறியாத ஒருவர் எழும்பிச் சாட்சி சொன்னார். தீவில் ஒருவர் தன் வேலி முழுக்க மாதாவுக்குக் கொடுத்தாராம், அதனால் கிணறு பறிபோனதாம், ஆனால் மாதா கைவிடவில்லையாம், அவருடைய தமக்கையின் முற்றத்தில் வேறு ஓர் இடத்தில் நல்ல தண்ணீர் ஊற்று எழும்பியதாம். சனம் கண்ணீர் விட்டது. பின்னால் இருந்த ஓர் அம்மா என் தோளைத் தட்டி, "எவ்வளவு பெரிய புதுமை, என்ன தம்பி?" என்றா. நான் ஓம் என்று தலையாட்டினேன். எழும்பி இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கூட்டத்தில் நான் செய்த பாவம் அது.

அக்கா உயிரோடு இருக்கிறா. பவுசரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறா. முற்றத்தில் ஊற்று எழும்பிவிட்டது என்று சனம் நம்பினால், அவவுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. அதனால்தான் இதை எழுதினேன். பேர் ஒன்றும் போடவில்லை, தீவுக்காரருக்கு யாரென்று விளங்கும்.

இதை வாசிக்கிறவர்கள், தீவோடு தொடர்புள்ள உங்கள் ஆட்களுக்கும் கொடுங்கள். வாயால் சொல்வதானாலும் சொல்லுங்கள். ஆனால் உள்ளது உள்ளபடி. மாதா வஞ்சித்தா என்று ஒரு சொல் சேர்க்காதீர்கள், அப்படி இல்லை. ஊற்று எழும்பியது என்றும் சேர்க்காதீர்கள். அதுவும் இல்லை. பிள்ளை எழும்பினாள், கிணறு போனது, ஒரு பெண் இன்னும் தண்ணீருக்கு நிற்கிறா. இந்த மூன்றில் ஒன்றையும் குறைக்காமல் கொடுங்கள்.